கலையின் பக்கம்

கிடங்கல், திண்டிவனம்
11.06.2023

அன்புள்ள அண்ணிக்கு,

கலை எழுதுகிறேன். நீங்கள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் பதினைந்து நாளாகிறது. வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தீர்கள். நான் பேசும்போது உங்கள் தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். அதனால்தான் "சரிங்கண்ணி, சரிங்கண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள். என் போனைத் தினமும் எடுத்துப் பார்க்கிறார். யாரிடம், எத்தனை நிமிடம் என்று கேட்கிறார். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. நீங்கள் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த பிறகு அதை வைத்து வீட்டில் சண்டை இல்லை. அவருக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். அவர் விற்கிற மனைகளின் வரைபடம் எல்லாம் அவர் பக்கத்தில். நான் அடிக்கிற பத்திரங்கள் என் பக்கத்தில். மாறி மாறிப் போவது பெரிய வேலையாக இருக்குமோ என்று பயந்தேன். ஒன்றுமே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் கறுப்புத் திரையில் பட்டியல் வருகிறது, கீழ் அம்புக்குறியை ஒரு தடவை தட்டி என்டர். வேலை முடிந்ததும் மறுபடி ரீஸ்டார்ட். எதையும் தொடாமல் விட்டால் பத்து நொடியில் அதுவே விண்டோசுக்குப் போய்விடுகிறது. வெண்ணிலாவே கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, "இது அப்பா ஊடு, இது அம்மா ஊடு" என்று சொல்லிச் சொல்லித் தட்டுகிறாள்.

பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னீர்கள். மாற்றவில்லை. நீங்கள் வைத்ததே இருக்கட்டும். நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இந்த வீட்டில் இருப்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

இன்னொன்று. அவர் என்னை அடித்தது உங்களுக்குத் தெரிந்து ஒரே தடவைதான், வரைபடம் அழிந்துபோன அன்று. அது திரும்ப நடக்கக்கூடாது என்றுதான் வந்து பிரித்துக் கொடுத்தீர்கள். போன வியாழக்கிழமை பைக் சாவியைக் காணோம் என்று அடித்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. என் இடது காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை. இதற்கு முன்பும் பல தடவை உண்டு அண்ணி. சொல்ல வெட்கமாக இருந்தது.

அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். பதிலைப் பத்திர எழுத்தர் ஆபீசுக்கு, பொன்னி அக்கா பெயரில் போடுங்கள். எனக்கு டைப்பிங் வேலை கொடுப்பவர் அவர்தான். பிரிக்காமல் கொடுப்பார்.

உங்கள்
கலையரசி

*

விழுப்புரம்
16.06.2023

என் அன்புக் கலைக்கு,

உன் கடிதத்தைக் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வைத்து இரண்டு தடவை படித்தேன். மாணவர்கள் வந்துவிட்டதால் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நின்றேன்.

காதை உடனே டாக்டரிடம் காட்டு. தள்ளிப்போடாதே.

முருகனைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஓமந்தூரில் இருந்தபோது அப்பா அம்மாவை அடிக்காத வாரம் கிடையாது. அவர் குரல் உயர்ந்ததும் நான் இவனைத் தூக்கிக்கொண்டு உரிக்காத மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். எனக்குப் பத்து வயது, இவனுக்கு நாலு. என் இரண்டு கையாலும் இவன் காதைப் பொத்திக்கொள்வேன். என் காதைப் பொத்த ஆள் இல்லை. இவன் எதையும் கேட்கக்கூடாது, எதையும் பார்க்கக்கூடாது என்றுதான் வளர்த்தேன். அம்மா போன பிறகு இவனுக்கு அம்மாவும் நான்தான். கோபக்காரன்தான். ஆனால் கெட்டவன் இல்லை. கோபம் இறங்கியதும் குழந்தையாகிவிடுவான், நீயே பார்த்திருப்பாய்.

கொஞ்சம் பொறுத்துக்கொள் கலை. அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் எதிர்த்துப் பேசாதே. நான் இதமாகப் பேசிப் பார்க்கிறேன், நீ எழுதியதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஆடிக்கு வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவதில்லை, இது எனக்குப் பெரிய குறை.

உன் அண்ணி
அம்பிகா

*

திண்டிவனம்
09.07.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போனில் பேசிய அன்று அவர் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துத்தான் பேசினார். "இன்னாக்கா, நான் இன்னா அவள அடிச்சிக்கினா இருக்கறேன்?" என்றது எனக்குச் சமையலறை வரை கேட்டது. போனை வைத்தார். கதவைச் சாத்தினார்.

"எங்க அக்காவுக்கு எவடி சொன்னது?"

நான் சொல்லவில்லை என்றேன். சார்ஜர் வயரை இரண்டாக மடித்து அடித்தார். முதுகில் ஆறு, தொடையில் நாலு. தடுக்கப் போன கையில் பட்டதை எண்ணவில்லை. கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். எழுத்துகளெல்லாம் தெறித்து ஓடின. வெண்ணிலா அவற்றைக் கட்டிலடியிலிருந்து பொறுக்கி வந்து, எது எங்கே என்று தெரியாமல் பாவாடையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இனி டைப்பிங் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை. அவர் வெளியே போனதும் என் பக்கத்தைத் திறக்கிறேன். புதிதாக வாங்கிய கீபோர்டை அவர் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார். பொன்னி அக்கா ஒரு பழைய கீபோர்டு கொடுத்திருக்கிறார், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன். மார்ச் மாதத்திலிருந்து நடந்ததையெல்லாம் என் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாள், நேரம், எதனால் அடித்தார், எங்கே பட்டது. பத்திரம் அடித்துப் பழகிய கை, அந்த ஒழுங்கில்தான் வருகிறது. பொன்னி அக்கா தன் போனில் எடுத்த படங்களும் இருக்கின்றன. விண்டோசிலிருந்து பார்த்தால் என் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது என்று சொன்னீர்களே, அந்தத் தைரியம்தான். ஒரு வக்கீலிடம் காட்டலாம் என்கிறார் அக்கா.

ஒரு சிக்கல். நான் என் பக்கம் போய்விட்டு வந்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. நேற்று காலை ஒன்பது மணிக்கு அவர் திறந்தார்.

"மணி ஏன்டி மூணர காட்டுது? இத யாரு தொட்டது?"

கரண்டு போய் வந்தது என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. அது ஏன் அப்படிக் காட்டுகிறது, எப்படிச் சரி செய்வது என்று ஜல்தி எழுதுங்கள். அவரிடம் மட்டும் தயவுசெய்து இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

கலை

*

விழுப்புரம்
14.07.2023

அன்புள்ள கலை,

நான் பேசியதால்தான் உனக்கு அடி விழுந்தது.

முதலில் கடிகாரம். அது பழுதில்லை. பெட்டிக்குள் இருக்கிற கடிகாரம் ஒன்றுதான். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். உன் பக்கத்தில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாறாமல் அடி. அடித்ததும் தாளைக் கிழித்துவிடு.

இனி சொல்வதற்கு நீ என்மேல் கோபப்படுவாய். வக்கீலிடம் இப்போது போக வேண்டாம். வழக்கு என்று வந்துவிட்டால் அவனிடம் யாரும் மனை வாங்க வரமாட்டார்கள். நாளைக்கு வெண்ணிலாவுக்கும் அதுதான் பேராக நிற்கும். அந்தக் கணக்கையெல்லாம் ஏன் எழுதிச் சேர்க்கிறாய்? நாளைக்கே நீங்கள் ஒன்றாகிவிட்டால் அது உன் மனசில்தான் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும். அழித்துவிடு என்று சொல்லவில்லை. யோசி என்கிறேன்.

அவனை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாமா என்று உன் மாமா நடராசனும் நானும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு மாதம் அவகாசம் கொடு.

அன்புடன்
அண்ணி

*

விழுப்புரம்
29.08.2023

கலை,

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உன் வார்டு வாசல் வரை வந்தேன். என்னைப் பார்த்ததும் நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். பொன்னி வெளியே வந்து, "இப்ப வேணாங்க, போயிடுங்க" என்றாள். போய்விட்டேன். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உனக்குத் தெரிந்திருக்கும். பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றான். என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதான்.

"யக்கா, நான் மாறணும்னு பாக்கறேன். அவ எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறா. அந்தப் பொட்டில அவ பக்கத்துல இன்னாவோ எழுதிக்கினு இருக்கறா. பட்டியல்ல கீழ தட்டிப் பாத்தேன், பாஸ்வேர்டு கேக்குது. எம்மேல இன்னா கொறன்னு தெரிஞ்சாதானக்கா நான் திருந்த முடியும்?"

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். உன் முதுகுப் படத்தைப் பார்த்தால் வெட்கப்படுவான் என்று நினைத்தேன். நான் எத்தனை சொன்னாலும் ஏறாதது, கண்ணால் பார்த்தால் ஏறும் என்று நினைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு உன் போனிலிருந்து வெண்ணிலா கூப்பிட்டாள். குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு பேசினாள்.

"அத்த, அப்பா அம்மாவப் படிக்கச் சொல்லி அடிக்கறாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. பாடமா, எதைப் படிக்கச் சொல்கிறான் என்று அந்தக் குழந்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் உன் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் பொன்னிக்குப் போன் செய்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அம்பிகா

*

முண்டியம்பாக்கம்
04.09.2023

அண்ணிக்கு,

இடது கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. தகடு வைத்திருக்கிறார்கள். வலது கை எழுதுகிறது.

பார்த்தால் வெட்கப்படுவான் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்த பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து வந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காரு. நீதான எழுதன, நீயே படி."

திரையில் என் பதிவுகள் இருந்தன. முதல் பதிவு மார்ச் மூன்று, தோசைக் கரண்டிக் காம்பு, இடது தோள். படித்தேன். எழுந்து போய்க் கரண்டியை எடுத்து வந்தார். "இதானே?" என்று கேட்டார். அதே தோளில் அடித்தார். "அடுத்தது."

இரண்டாவதில் சுவர் என்று இருந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூன்றாவதில் செருப்பு. வாசலுக்குப் போய் எடுத்து வந்தார், பொறுமையாக. நான் படிக்கவில்லை என்றால் அதே அடியை இரண்டு தடவை கொடுத்தார். நாற்பத்தொரு பதிவு, அண்ணி. எட்டாவதுதான் சார்ஜர் வயர். ஒன்பதாவதில் என் வாயில் ரத்தம் நிறைந்து எழுத்து தெரியவில்லை. "சத்தமா" என்றார்.

பதினொன்றாவதில் நிறுத்திவிட்டேன். கொன்றாலும் படிக்கமாட்டேன் என்றேன். "எழுதனது இந்தக் கைதானே" என்று இடது கையை மேசைமேல் இழுத்து வைத்தார். எந்தக் கையால் எழுதுகிறேன் என்பதுகூட ஏழு வருடத்தில் அவருக்குத் தெரியவில்லை. கொல்லையிலிருந்து கடப்பாரை எடுத்து வந்திருந்தார். என் கையை அடித்தார், பிறகு திரையை, பிறகு பெட்டியை. பெட்டியை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் பொன்னி அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கதவின் உள்தாழ்ப்பாளை உடைத்து வந்தார்கள். அவர் பின்பக்கமாக ஓடிவிட்டார்.

கோபத்தில் அடித்தார் என்று இத்தனை நாள் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அவருக்குக் கோபம் இல்லை.

போலீஸ் வாக்குமூலம் வாங்கிப் போயிருக்கிறது. படங்களை அக்கா என் பக்கத்துக்கு மாற்றியதும் பயந்து தன் போனிலிருந்து அழித்துவிட்டார். இருந்ததெல்லாம் அந்தப் பெட்டியில்தான். அதுவும் போயிற்று.

கலையரசி

*

விழுப்புரம்
12.09.2023

கலை,

உனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும்.

முருகன் மறுநாளே எனக்குப் போன் செய்தான். மரக்காணத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் இருந்தான்.

"யக்கா, போலீசு வர்றதுக்கு முன்ன அந்தப் பொட்டியத் தூக்கினு போய்க் கெணத்துல போட்டுடு. உங்கிட்டதான் சாவி இருக்குது. நீ எனக்கு அம்மாக்கா."

போனேன். தரையில் ரத்தம் காய்ந்திருந்தது. மாவு அப்படியே கிடந்தது. பெட்டி நசுங்கிப்போய் இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் நொறுங்கியிருந்தாலும் ஹார்டு டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் அது யாருக்காக என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது. பத்து நாள் அது என் பீரோவில் இருந்தது. கிணற்றிலும் போடவில்லை, போலீசிலும் கொடுக்கவில்லை. நீ எல்லாம் போயிற்று என்று எழுதிய கடிதம் வந்தபோதுகூட அது பீரோவில்தான் இருந்தது.

அன்றுதான் லேபுக்கு எடுத்துப் போனேன். எதையும் மாற்ற முடியாதபடி, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி இணைத்தேன். நாற்பத்தொன்றையும் படித்தேன். ஜூன் இருபதாம் தேதிப் பதிவில் நீ எழுதியிருக்கிறாய்: "அண்ணியின் பதில் வந்தது. பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அண்ணியும் பாவம்."

அதற்கு மேல் என்னால் அந்தப் பீரோவைத் திறந்து மூட முடியவில்லை.

இன்று காலை திண்டிவனம் மகளிர் காவல் நிலையத்தில் டிஸ்க்கைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன். மரக்காணத்து வீட்டு விலாசத்தையும் கொடுத்தேன். சாயங்காலம் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டுக் கத்தினானாம், நான் அங்கே இல்லை என்பதுகூடத் தெரியாமல். உன் மாமா என்னிடம் பேசிய ஒரே வார்த்தை, "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஊருக்குப் போவ?" என்பதுதான்.

பதில் எழுத வேண்டாம். கோர்ட்டில் கூப்பிட்டால் வருவேன்.

அம்பிகா

*

திண்டிவனம்
21.09.2025

அம்பிகா அவர்களுக்கு,

இரண்டு வருடத்தில் நீங்கள் பதினான்கு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதத் தோன்றவில்லை. இப்போது தீர்ப்பு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் என்று நீதிபதி சொன்னபோது நீங்கள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள் யாரும் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. அதைப் பார்த்தேன்.

நீங்கள் கூண்டில் நின்ற நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய வக்கீல் உங்களைக் கேட்டார்: "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சும் பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்க. அப்ப உங்க தம்பி மேல உங்களுக்கே சந்தேகம் இல்லேன்னுதானே அர்த்தம்?" நீங்கள் சொன்னீர்கள்: "இல்லீங்க. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் அவனத்தான் நம்பணும்னு நெனச்சேன். அவ எழுதனத நம்பிட்டா நான் வளத்தது இன்னான்னு ஆயிடும்."

உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. உங்கள் பதினான்கு கடிதத்திலும் இல்லாத ஒரு உண்மை அந்தப் பதிலில் இருந்தது. அதற்கு நன்றி. டிஸ்க்கைக் கொடுத்ததற்கும் நன்றி. அது இல்லையென்றால் கீழே விழுந்து கை உடைந்தது என்றுதான் முடித்திருப்பார்கள்.

நான் பொன்னி அக்கா தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். அனந்தபுரத்திலிருந்து அம்மா வந்து கூட இருக்கிறார். பத்திர எழுத்தர் ஆபீசில் முழு நேர வேலை. இடது கை முழுசாக மடங்காது. காது ஒன்று கேட்காது. டைப் அடிக்க அவை பெரிய தடையில்லை.

நாம் பழையபடி ஆவோம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் முடித்திருக்கிறீர்கள். ஆக முடியாது. என்னால் உங்களை வெறுக்கவும் முடியவில்லை, உங்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவும் முடியாது. உங்கள் குரல் கேட்டாலே எனக்கு "அடுத்தது" என்ற சத்தம்தான் கேட்கிறது. இது உங்களுக்குத் தண்டனை இல்லை. என் உடம்பு அப்படி ஆகிவிட்டது. அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆனால் வெண்ணிலா உங்களைக் கேட்கிறாள். அன்று அவள் போன் செய்யத் தெரிந்து செய்தது உங்களுக்குத்தான். அத்தையை ஏன் பார்க்க விடமாட்டேன் என்கிறாய் என்று போன வாரம் சண்டை போட்டாள். அவளிடமிருந்து உங்களைப் பறிக்க எனக்கு மனசில்லை.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, பொன்னி அக்கா வீடு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நான் அங்கே இருக்கமாட்டேன்.

அவளுக்கு எட்டு வயதாகிறது. நிறையக் கேள்வி கேட்பாள். அவள் அப்பாவைப் பற்றி நீங்களாக எதுவும் பேச வேண்டாம். அவளாகக் கேட்டால் மட்டும், காதைப் பொத்தாமல் பதில் சொல்லுங்கள்.

கலையரசி